மணலில் எழுதிய விரல்

(பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம், மணவாளக்குறிச்சி.
தலைப்பு: மனத்துக்கு நெருக்கமானது – கையால் எழுதும் எழுத்தா? கைப்பேசியில் தட்டும் எழுத்தா?
'கையால் எழுதும் எழுத்தே' என்ற அணியில் பேசியது.)

சிரிக்கவும் வைத்து, சிரித்து முடித்த பிறகு சிந்திக்கவும் வைக்கிற நடுவர் அவர்களே! என் அணியின் தலைவர் அவர்களே! கையில் கைப்பேசியை வைத்துக்கொண்டே கைதட்ட முடியாமல் தவிக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) நான் பிறந்த மண்ணிலேயே என்னைப் பேச வைத்து, "இவ என்ன பேசிரப் போறா, பார்ப்போம்" என்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருக்கும் என் சொந்தக்காரர்களே! (கைதட்டல்) 

எனக்கு முன்னால் பேசிய தம்பி கணினித் துறையிலே இருக்கிறார். நன்றாகவே பேசினார். "அம்மா, நீங்க கடிதம் எழுதி, ஒட்டி, பெட்டியில் போட்டு, அது போய்ச் சேர்றதுக்குள்ளே நான் ஆயிரம் பேருக்கு வாழ்த்து அனுப்பிடுவேன்" என்றார். உண்மைதான் தம்பி. ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். அதுதானே பிரச்சினையே!

எங்க வீட்டிலே நடந்ததைச் சொல்றேன். போன திருமண நாளன்று காலையிலே அடுப்படியிலே நிற்கிறேன். கைப்பேசி 'டிங்'குன்னுச்சு. எடுத்துப் பார்த்தா எங்க வீட்டுக்காரர். அடுத்த அறையிலே இருக்கிற மனுஷன்! (சிரிப்பு) ரெண்டு ரோஜாப்பூ, ஒரு குத்துவிளக்கு, நடுவிலே 'என் வாழ்வின் ஒளியே'ன்னு ஒரு வாழ்த்து. முப்பது வருஷத்திலே முதல் தடவையா மனசு குளிர்ந்துபோச்சு. அப்புறம்தான் மேலே பொடி எழுத்திலே இருக்கிறதைப் பார்த்தேன்: 'பல தடவை ஃபார்வர்டு செய்யப்பட்டது.' (பலத்த சிரிப்பு, கைதட்டல்) எத்தனை பேர் வாழ்வின் ஒளியோ, சுத்திச் சுத்தி எங்க வீட்டுக்கு வந்திருக்கு!

நடுவர்: அம்மா, அவர் கையாலே எழுதியிருந்தா என்ன எழுதியிருப்பார்?

ஐயா, 'கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது'ன்னு எழுதியிருப்பார். (சிரிப்பு) ஆனா அது எனக்கே எனக்குன்னு எழுதினதா இருக்குமே ஐயா! (கைதட்டல்)

நடுவர் அவர்களே! இந்தத் தலைப்பைப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. ஏன் தெரியுமா? இந்த ஊரின் சொத்தே மணல்தான். 1909-ஆம் ஆண்டு ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிப் போன கயிற்றிலே ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். அதிலே மோனசைட் என்ற கனிமம் மின்னுவதைக் கண்டுபிடித்தார். அந்த மணலைத் தேடி வந்தவர் ஆலை போட்டது இந்த மணவாளக்குறிச்சியிலே. அந்தக் காலத்திலே அவர்களுக்கு வேண்டியது தோரியம். விளக்குக்கு மாட்டுகிற மேண்டிலுக்காக. அதே மோனசைட்டிலே நியோடிமியம் என்று ஓர் அரிய தனிமம் இருக்கிறது. கைப்பேசியிலே ஒலி வருகிறதே, அந்தக் குட்டி ஒலிபெருக்கிக்கு வேண்டிய காந்தம் செய்ய அதுதான் உதவுகிறது.

எதிரணித் தம்பி இப்போ துள்ளுகிறார். "பார்த்தீங்களா, உங்க ஊர் மணலே எங்க கட்சி!" என்கிறார். (சிரிப்பு) உட்காருங்க தம்பி! நான் இன்னும் முடிக்கலை. அதே மணலிலே இல்மனைட் இருக்கு. இல்மனைட்டிலிருந்து எடுக்கிற டைட்டானியம் டை ஆக்சைடு எதுக்குப் பயன்படுது? வெள்ளைப் பெயிண்டுக்கு. அப்புறம் காகிதத்தைப் பளிச்சென்று வெளுப்பாக்குறதுக்கு! (கைதட்டல்) எங்க ஊர் மணல் பாரபட்சம் பார்க்காது. கைப்பேசிக்கும் கொடுக்கும், காகிதத்துக்கும் கொடுக்கும். ஆனால் அந்த ஜெர்மன்காரர் வருவதற்கு முன்னாலே இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மணலை எதற்குப் பயன்படுத்தினார்கள்? எழுதிப் படிக்கப் பயன்படுத்தினார்கள். நிலத்தெழுத்து என்பார்கள். ஆசான் பிள்ளையின் விரலைப் பிடித்து, மணலிலே அழுத்தி, 'அ' போட வைப்பார். எங்க பாட்டா அப்படித்தான் படித்தார். "கருமணல்லே எழுதினா சிலேட்டு மாதிரி தெளிவா இருக்கும் மக்கா. விரல்தான் தேஞ்சு போவும்" என்று சொல்லுவார்.

இதை ஏளனமாக நினைக்க வேண்டாம். சென்னை எழும்பூரிலே ஆண்ட்ரூ பெல் என்று ஒரு பாதிரியார், ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்தினார். நம்ம ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளியிலே கொண்டுவந்தார். 1797-இல் லண்டனிலே அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. வெள்ளைக்காரப் பிள்ளை மணல் தட்டிலே விரலால் எழுதியதற்கு நம்ம திண்ணைப் பள்ளிக்கூடம் வாத்தியார்! (கைதட்டல்)

ஏன் விரல்? ஏன் கை? இதற்கு இப்போது அறிவியலும் பதில் சொல்ல ஆரம்பித்திருக்கிறது. 2024-இல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 36 மாணவர்களை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தலையிலே மின்னலை பதிவு செய்யும் தொப்பியை மாட்டிவிட்டு, ஒரே சொல்லைக் கையால் எழுதச் சொன்னார்கள், விசைப்பலகையிலே தட்டவும் சொன்னார்கள். கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் ஒன்றோடொன்று கூடிப் பேசின. தட்டும்போது அந்த அளவுக்குப் பேச்சு இல்லை. நான் நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மாணவர்கள் எழுதியது காகிதத்திலே இல்லை, ஒரு திரையிலே, மின்பேனாவாலே. ஆகவே காகிதம் என்ன, திரை என்ன, மணல் என்ன, கை அசைய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

தமிழிலே 247 எழுத்து. 'அ' எழுத ஒரு வளைவு, 'ஞ' எழுத ஒரு சுழிப்பு, 'ஐ' எழுதினால் கை ஒரு நடனமே ஆடி முடிக்கும். தட்டும்போது? 'அ'வுக்கும் ஒரே குத்து, 'ஞ'வுக்கும் ஒரே குத்து. (சிரிப்பு) அதுவும் தமிழிலே தட்டுகிறோமா? ஆங்கில எழுத்திலே தமிழைத் தட்டுகிறோம். எங்க வீட்டுக்காரருக்கு 'பழம் வாங்கிட்டு வாங்க'ன்னு அப்படித் தட்டினேன். 'பி, ஏ, எல், ஏ, எம்.' மனுஷன் திருப்பிக் கேட்கிறார்: "பலமா, பாலமா? பலம்னா எனக்கே இல்ல. பாலம்னா பொதுப்பணித்துறையைத்தான் கேட்கணும்!" (பலத்த சிரிப்பு) தொல்காப்பியர் பார்த்துப் பார்த்துப் பிரித்துக் கொடுத்த ல, ழ, ள மூன்றையும் ஒரே தட்டிலே போட்டுப் பிசைந்துவிட்டோமே ஐயா!

எதிரணித் தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "கையெழுத்து அழகு, அழகு என்கிறீர்களே, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை உங்களால் படிக்க முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி. 2025-இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம், மருந்துச்சீட்டு படிக்கிற மாதிரி இருப்பது நோயாளியின் அடிப்படை உரிமை என்றே தீர்ப்பளித்தது. சீட்டெல்லாம் கணினிக்கு மாற வேண்டும் என்றும் சொன்னது. நான் மறைக்கவில்லை. மருந்துச்சீட்டு தட்டெழுத்திலேயே வரட்டும். உயிர் சம்பந்தப்பட்ட இடம், அங்கே அழகு வேண்டாம், தெளிவு போதும். ஆனால் அதே தீர்ப்பு, மருத்துவப் படிப்பிலே கையெழுத்துப் பயிற்சியைச் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னது. அதை மட்டும் எதிரணித் தலைவர் வசதியாக மறந்துவிட்டார்! (கைதட்டல்)

இன்னும் ஒன்று கேட்டார்: "பார்வையில்லாதவர்கள், கை நடுங்குகிறவர்கள் என்ன செய்வார்கள்?" அவர்களுக்குக் கைப்பேசி ஒரு வரம். பேசினால் எழுதுகிறது, எழுதினதைப் படித்துக் காட்டுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. இருக்கிற கையைச் சும்மா வைத்திருக்கிறோமே, அந்த நம்மைப் பற்றித்தான் நான் பேசுகிறேன்.

காந்தியடிகளைப் பாருங்கள். தன் கையெழுத்து மோசம் என்று தன் சுயசரிதையிலேயே எழுதி வெட்கப்பட்டவர் அவர். சின்ன வயதிலே கையெழுத்தை அலட்சியம் செய்தேன், பிறகு திருத்த முடியவில்லை என்று வருந்தினார். ஆனால் 1909-ஆம் ஆண்டு – ஆமாம், நம்ம மணலை அந்த ஜெர்மன்காரர் கண்டெடுத்த அதே ஆண்டு – லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்புகிற கப்பலிலே 'இந்திய சுயராஜ்யம்' நூலை எழுதினார். பத்தே நாள். வலக்கை ஓய்ந்துபோனது. நிறுத்தினாரா? இடக்கையால் எழுதினார்! அந்தக் கையெழுத்துப் படியை அப்படியே பிறகு அச்சிட்டார்கள். இன்றைக்கும் அதைப் பார்த்தால், இந்தப் பக்கத்திலே வலக்கை, இந்தப் பக்கத்திலே இடக்கை என்று தெரிகிறது. ஒரு மனிதன் களைத்ததும், களைத்த பிறகும் விடாததும் அந்த எழுத்திலே இருக்கிறது. அதையே கணினியிலே தட்டியிருந்தால்? பக்கமெல்லாம் ஒரே மாதிரி எழுத்து. களைப்பும் தெரியாது, உறுதியும் தெரியாது. (கைதட்டல்)

நடுவர் அவர்களே! ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் சொன்னேன். இனி என் கதை. இதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

நாஞ்சில் நாட்டிலே கடிதம் என்பது நேற்று வந்ததில்லை. திருவிதாங்கூர் ராஜ்யத்துக்கென்று தனித் தபால் இருந்தது. அதற்கு அஞ்சல் என்று பெயர். மணி கட்டிய கம்பைக் குலுக்கிக்கொண்டு ஓடுகிற அஞ்சலோட்டக்காரர்களைப் பற்றி எங்க பாட்டா கதை கதையாகச் சொல்லுவார். 1951-இல் அது இந்தியத் தபாலோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். இன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க 'அஞ்சல் அலுவலகம்' என்று பலகை மாட்டியிருக்கிறதே, அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மணிச்சத்தம் கேட்கும்.

என் அண்ணன் 1987-இல் மஸ்கட்டுக்குப் போனார். இந்தக் கரையோரத்திலே வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவிலே இருந்த காலம். விசாவுக்கு வாங்கின கடன் ஒரு பக்கம், என் படிப்பு ஒரு பக்கம். கடிதம் வந்து சேரப் பத்து, பதினைந்து நாளாகும். ஊருக்கு யாராவது லீவிலே வந்தால் அவர்கள் கையிலே கேசட் கொடுத்து அனுப்புவார். அண்ணன் குரல் வீட்டிலே கேட்கும். அம்மை அந்தக் கேசட்டைத் தடவித் தடவி வைத்திருப்பாள்.

எங்க அம்மைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு. அண்ணனுக்குப் பதில் கடிதம் எழுதுவது நான். விளக்கடியிலே உட்கார்ந்து, "சொல்லு அம்மை" என்பேன். அவள் சொல்லுவாள். ஊர்க்கதை, உறவுக்கதை, பசு கன்று போட்டது எல்லாம் சொல்லுவாள். கடைசியிலே ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்லுவாள்: "மக்கா, ஒருக்க வந்துட்டுப் போன்னு எழுது பிள்ளே."

நான் எழுதியதில்லை.

ஆமாம் ஐயா, எழுதியதில்லை. நான் அப்போது எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் வந்தால் விமானச் சீட்டுக்குச் செலவு. ரெண்டு மாதம் பணம் வராது. என் பீஸ் நின்றுபோகும். அதனாலே அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டு, 'இங்கு எல்லோரும் நலம், நீ உடம்பைப் பார்த்துக்கொள்' என்று அழகான கையெழுத்திலே எழுதி, அம்மைக்கு வாசித்துக் காட்டும்போது மட்டும் அந்த வரியையும் சேர்த்து வாசிப்பேன். அம்மை தலையாட்டுவாள். ஐந்து வருஷம் இப்படி ஓடியது. அண்ணன் வரவில்லை. "எழுதினியா பிள்ளே? ஏன் வரமாட்டேங்கான்?" என்று கேட்பாள். "லீவு கிடைக்கலையாம் அம்மை" என்பேன்.

1990-களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் வந்தது. இந்த மாவட்டத்திலே அது ஒரு திருவிழா மாதிரி நடந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலே கன்னியாகுமரி மாவட்டம் 91.75 சதவிகித எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலே முதலிடத்திலே நின்றதென்றால், அந்த இரவுப் பாடங்களுக்கும் அதிலே பங்கு உண்டு. பக்கத்து வீட்டு முற்றத்திலே ராத்திரி விளக்கு வைத்துப் பாடம். பாத்திரம் கழுவிவிட்டு, ஈரக்கையோடு அம்மை போனாள். ஐம்பது வயதிலே சிலேட்டு. வீட்டிலே மணலிலும் எழுதிப் பார்ப்பாள். நான் கேலி செய்வேன். எம்.ஏ. படிக்கிறவள் அல்லவா!

ஒரு நாள் நான் கல்லூரியிலிருந்து வந்தபோது தபால்காரர் சிரித்தார். "உங்க அம்மை இன்னைக்குக் கடுதாசி போட்டாங்க. விலாசத்தை மட்டும் நான் எழுதிக் கொடுத்தேன்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன அம்மை எழுதினே?" என்று கேட்டேன். "அது எனக்கும் என் மோனுக்கும் உள்ளது" என்று சொல்லிவிட்டாள்.

இருபதாவது நாள் அண்ணன் வாசலிலே வந்து நின்றார்.

ராத்திரி சாப்பிட்ட பிறகு அண்ணன் சட்டைப்பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து என் கையிலே கொடுத்தார். பால்பாயிண்ட் பேனா. காகிதத்திலே அழுத்தின அழுத்தத்திலே பின்பக்கம் புடைத்திருந்தது. மூன்றே சொல். 'மக்கா வா. அம்மை.' 'மக்கா'வுக்குப் புள்ளி இல்லை. 'மககா' என்று இருந்தது. அண்ணன் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அஞ்சு வருஷமா நீ எழுதினே. நல்லாத்தான் இருந்தது. ஆனா அம்மை கூப்பிட்டதே எனக்குத் தெரியலையே பிள்ளே?"

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே! நான் தமிழ் படித்தவள். பிழையில்லாமல் எழுதினேன். என் கடிதத்திலே இலக்கணம் இருந்தது, என் அம்மை இல்லை. அவள் புள்ளி வைக்காத எழுத்திலே அவள் இருந்தாள். அவளுக்கும் மகனுக்கும் நடுவிலே அதுவரைக்கும் நான் நின்றிருந்தேன். அவள் தன் கையால் எழுதிய அன்றைக்கு நான் விலகிக்கொண்டேன். (நீண்ட கைதட்டல்)

இப்போது எதிரணியைப் பார்த்துக் கேட்கிறேன். இன்றைக்கு நீங்கள் கைப்பேசியிலே ஒரு சொல் தட்ட ஆரம்பித்ததும் அடுத்த சொல்லை அதுவே எடுத்துக் கொடுக்கிறது. 'அம்மா இறந்துட்டாங்க' என்று நண்பன் எழுதினால், பதிலுக்கு என்ன சொல்லலாம் என்று மூன்று வாக்கியம் தயாராக நீட்டுகிறது. காதல் கடிதம் வேண்டுமா, மன்னிப்புக் கடிதம் வேண்டுமா, கேட்டால் செயற்கை நுண்ணறிவு பிழையில்லாமல் எழுதித் தருகிறது. அன்றைக்கு நான் பார்த்த வேலையை இன்றைக்கு அது பார்க்கிறது! என்னை மாதிரியே நல்ல தமிழ். என்னை மாதிரியே நடுவிலே நிற்கிறது. உங்கள் மனசிலே இருந்த அந்த ஒரு வரியை அது எழுதிற்றா, விட்டுவிட்டதா? உங்களுக்கே தெரியாமல் போய்விடுமே ஐயா! (கைதட்டல்)

தம்பி சொன்னார், "காகிதம் அழிந்துபோகும், நாங்கள் அனுப்புவது அழியாது." காகிதம் அழியும் என்பதை எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி கடல் இந்தக் கரைக்குள் வந்ததை நாங்கள் கண்ணால் கண்டவர்கள். எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியும் போனது. அண்ணன் எழுதிய அத்தனை கடிதமும் அதிலே இருந்தது. அம்மை பிழைத்தாளே, அந்த ஆறுதலோடு இருந்துவிட்டோம். ஆனால் அந்த மூன்று சொல் மட்டும் போகவில்லை. ஏன் தெரியுமா? அது இங்கே இல்லை. அண்ணனின் பாஸ்போர்ட் உறைக்குள்ளே மஸ்கட்டிலே இருந்தது. கொடுத்தது மிஞ்சியது ஐயா, வைத்திருந்தது போனது.

2016-இல் அம்மை போன பிறகு, அண்ணன் அந்தக் காகிதத்தை எடுத்து வந்தார். பின்பக்கத்துப் புடைப்பை நான் விரலால் தடவிப் பார்த்தேன். அவள் பேனாவை எவ்வளவு அழுத்திப் பிடித்திருக்கிறாள் என்பது விரலுக்குத் தெரிந்தது. இன்றைக்கு அண்ணன் அதைப் படம் பிடித்துத் தன் கைப்பேசியிலும் வைத்திருக்கிறார். எதிரணி கைதட்டிக்கொள்ளலாம்! (சிரிப்பு) ஆனால் படம் பிடிக்கவாவது முதலிலே ஒருத்தி எழுதியிருக்க வேண்டுமே!

கைப்பேசியை நான் பழிக்கவில்லை. அன்றைக்கு வீடியோ கால் இருந்திருந்தால் என் அம்மை ஐந்து வருஷம் அழுதிருக்க மாட்டாள். நானும் அந்தப் பாவத்தைச் செய்திருக்க முடியாது. அவசரத்துக்கு அதை வையுங்கள். கணக்குக்கு வையுங்கள். வங்கிக்கு வையுங்கள். ஸ்வீடன் நாடு பள்ளிகளிலே திரைகளை அள்ளிக் கொடுத்துவிட்டு, 2023-இல் மறுபடியும் புத்தகத்துக்கும் கையால் எழுதுவதற்கும் திரும்பியது. கணினி நிறுவனங்களுக்குத் தலைநகரமான கலிபோர்னியா மாநிலமே, ஆறாம் வகுப்பு வரை கூட்டெழுத்து கற்றுக்கொடுக்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் போட்டது. விற்கிற ஊரிலேயே உஷாராகிவிட்டார்கள், வாங்குகிற நாம் எப்போது விழிக்கப் போகிறோம்? (கைதட்டல்)

வந்திருக்கிற தாய்மார்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் மாமியாரிடம் கொடுங்கள். "அத்தே, நீங்க வைக்கிற உள்ளித் தீயல் எப்படின்னு உங்க கையாலே எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். சண்டையாவது ஒருநாள் ஓயும்! (சிரிப்பு) அப்பாவிடம் நாலு வரி எழுதி வாங்குங்கள். தூரத்திலே இருக்கிற பிள்ளைக்கு நீங்களே எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். புள்ளி இல்லாமல் இருந்தாலும் இருக்கட்டும். ஒருநாள் அந்த எழுத்தை ஒருவர் விரலால் தடவிப் பார்ப்பார்.

மணலில் விரலால் எழுதியவர்கள் வழிவந்த ஊரிலே நின்று கேட்கிறேன். தட்டும் எழுத்து செய்தியைக் கொண்டுபோகும். கையால் எழுதும் எழுத்து ஆளையே கொண்டுபோகும். ஆகவே மனத்துக்கு நெருக்கமானது கையால் எழுதும் எழுத்தே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு, அதையும் உங்கள் கைப்பட எழுதித் தருமாறு, நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். 

(நீண்ட கைதட்டல்)